அடுத்து என்ன, மாளு?

ரவுண்ட் ராக், டெக்சஸ்
மார்ச் 9, 2025

அன்புள்ள மாளு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் கௌசிக்கும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், வேறு வழியில்லை. மாதம் ஒரு கடிதம், கையால், தமிழில், போனில் கதை பேசக் கூடாது என்று ஹாஸ்டல் நாட்களை நினைத்துச் சபதம் போட்டவள் நீ. பிப்ரவரிக் கடிதத்தைக் காணோம். சரித்திர டீச்சருக்குத் தேதி மறக்கலாமா?

எங்கள் காலனியில் ஓடையின் இரண்டு பக்கமும் முன்பு ஒரே அசோசியேஷனாக இருந்தது நினைவிருக்கிறதா? இப்போது இல்லை. போன வருஷ வெள்ளத்தில் அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் போனதற்கு நாங்கள் கட்டிய சுவர்தான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். ஓரளவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சமாதானம் என்று சொல்லி நீச்சல் குளம், டென்னிஸ் கோர்ட், ஓடையோர நடைபாதை எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பிரசிடென்ட் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று குளத்தையே பார்க்கிறார்கள். பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதோடு வேலை போன கதை வேறு. ஜனவரியில் சுஹாஸ் ஆபீஸில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான். எங்கள் தெருவில் மட்டும் பல பேர். மத்தியான நேரத்தில் வீடுகளுக்கு முன்னால் டிரைவ்வேயில் இத்தனை கார்களை நான் பார்த்ததே இல்லை.

போன வாரக் கூட்டத்தில் ஒரே சண்டை. ஒருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டார். அப்போது சபரி என்று ஒருவர் எழுந்தார். சுஹாஸோடு அதே நாளில் வேலை போனவர். அவர் பேசியது யாருக்கும் காதில் விழவில்லை, அவ்வளவு மெதுவாகப் பேசுகிறார். கேட்பதற்காகவே ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். "கத்த வேண்டாம். நம்ம குழந்தைங்க கேட்டுட்டிருக்காங்க," என்றார். அவ்வளவுதான். அன்றே அவர் பிரசிடென்ட் ஆகிவிட்டார்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அவர் கிளப் ஹவுஸில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு ஆரம்பித்திருக்கிறார். என் பெண் மதியைத் தெரியுமே உனக்கு, பத்து வயசாகியும் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். நேற்று வந்து, "அம்மா, எனக்குத் தண்ணீர் வேண்டும்," என்றாள், ஒரு தடங்கல் இல்லாமல். எதிர் வீட்டு வசந்தாமணி கொடுத்த முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்படியே வைத்துவிட்டு அழுதேன்.

கீழே இருப்பது மதியின் கைவண்ணம். கண்ணாடி போட்ட அந்தக் குண்டுப் பூனை கௌசிக் அங்கிளாம்.

உன்
விஷா


ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
மார்ச் 23, 2025

அன்பு விஷா,

பூனையை ஃப்ரிட்ஜில் ஒட்டியாகிவிட்டது. கௌசிக் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு அதைப் பார்க்கிறார்.

ஏண்டி, நான் வகுப்பில் தொண்டை வறளக் கத்தி நடத்துவதை நீங்கள் தெருவிலேயே நடத்திக் காட்டுகிறீர்களா? இப்போது பத்தாம் வகுப்புக்கு இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இருந்த காலத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் போரில் தோற்றவர்களை ஓர் அரண்மனைக்குக் கூப்பிட்டு, எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் போட்டு, கையெழுத்து வாங்கினார்கள். பழி ஓரளவு உண்மை, தண்டனை அளவுக்கு மேல். அப்புறம் வேலை போனது. அப்புறம் தெருச் சண்டை. அப்புறம் ஒருவர் எழுந்து நின்றார். உங்கள் நீச்சல் குளத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன், மன்னித்துக்கொள்.

அந்தக் காலத்துப் பேச்சு ஒன்றை வகுப்பில் போட்டுக் காட்டினேன். மேடையில் அந்த ஆள் கையை ஆட்டிக் கத்துவதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "அப்போ ஏன் மிஸ் யாரும் சிரிக்கல?" வேலையிழந்து நின்றவனுக்கு அது கத்தலாகவே கேட்டிருக்காது, தன் மனசே பேசுவது போல இருந்திருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சரி, பந்தயம் கட்டுகிறாயா? உன் சபரி அடுத்து என்ன செய்வார் என்று சொல்கிறேன். முதலில் ஓர் அடையாளம் வேண்டும்: சட்டையோ கொடியோ, யார் நம்மவர் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பிறகு, இந்த நெருக்கடி முடியும்வரை தேர்தல் வேண்டாமே என்பார். அவரே சொல்லமாட்டார், வேறு யாராவது சொல்வார்கள். பெரிய மனிதர்கள் சிலர், இவனை நாம் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று தலையாட்டுவார்கள். நான் தோற்றால் மைசூர்பாகு நான் அனுப்புகிறேன். ஜெயித்தால் நீ.

மதி தமிழ் பேசுவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தக் கீரை என்ன ஆயிற்று?

உன் மாளு


ரவுண்ட் ராக்
மே 11, 2025

அன்புள்ள மாளு,

மைசூர்பாகு தனியாக பார்சலில் வருகிறது. நீ டீச்சரா, ஜோசியரா?

அடையாளம் வந்துவிட்டது. எல்லார் வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி நீல விளக்கு. ஒவ்வொருவரும் போட்டு, அணைத்து, மறந்து என்ற தொல்லையே இல்லை. எல்லாம் சபரியின் போனோடு இணைத்திருக்கிறது. இருட்டுகிற நேரத்தில் ஆறு தெருவும் ஒரே நொடியில் நீலமாகிறது. முதல் நாள் எல்லோரும் வாசலில் நின்று கை தட்டினோம். கோடி வீட்டு அமெரிக்கத் தம்பதிகூட அழகாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தேர்தல் விஷயமும் நீ சொன்னபடியே. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் வழக்கமான பாட்லக்தான், ஒரு கையில் புளியோதரைத் தட்டு. ட்ரெஷரர் ராமசுப்ரமணியன் அங்கிள் எழுந்து, இந்த ரெண்டு வருஷம் எலெக்‌ஷன் அது இதுன்னு போக வேண்டாம், சபரியே எல்லாத்தையும் பார்த்துக்கட்டும் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம பையன்தாம்மா, நாம சொன்னா கேப்பான்," என்று கண்ணடித்தார். கையைத் தூக்கச் சொன்னார்கள். இன்னொரு கை சும்மாதானே இருந்தது, தூக்கினோம்.

வசந்தாமணிதான் எழுந்தாள். "அதெப்புடீங்க, எலெக்சன் வெக்காம? ஆராச்சும் கேக்கோணுமில்லீங்க?" என்றாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்தோம். சபரி சிரித்துக்கொண்டு, "நல்ல கேள்வி," என்றார். அதோடு சரி. கூட்டம் என்றால் யாராவது ஏதாவது சொல்லத்தானே செய்வார்கள், நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

சுஹாஸுக்கு விளக்குக் குழுவில் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். சட்டைக்கு மேல் நீல வெஸ்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் தெருவைச் சுற்றி வருகிறார். ஜனவரிக்குப் பிறகு அவர் ஷேவ் பண்ணிக்கொண்டதே இப்போதுதான். அதற்காகவே நான் சபரிக்குக் கோவில் கட்டுவேன்.

மதி இப்போது இங்கிலீஷே பேசுவதில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், "நாங்கள் நலமாக இருக்கிறோம்," என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். எத்தனை வருஷம் ஏங்கினோம் இதற்கு. வாய் கொள்ளாத பெருமை எங்களுக்கு.

பூனை வரையச் சொன்னேன். பிறகு வரைகிறாளாம்.

சொல், அடுத்து என்ன, மாளு?

உன்
விஷா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஜூன் 8, 2025

அன்பு விஷா,

மைசூர்பாகு வந்தது, தீர்ந்தது. உன் கடிதத்தைக் கௌசிக்கிடம் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இது ஃபன்னியா இல்ல மாளு," என்று சொல்லிவிட்டுக் குப்பையை வெளியே வைக்கப் போய்விட்டார்.

எனக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் உதைத்தது, பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்லும் இடத்தில். ஆனால் நீ அடுத்து என்ன என்று கேட்டுவிட்டாய், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. லீவு வரப்போகிற உற்சாகம் வேறு. விளையாட்டாகவே எடுத்துக்கொள்.

இனி ஒரு வீடு வேண்டும். குளம் போனதற்கு அந்தப் பக்கத்தைத் திட்டினால் போதாது, அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் வேண்டும். பெயர் சொல்லமாட்டார், கேள்விதான் கேட்பார். விளக்கு இல்லாத வீடு எது? அங்கே யார் அடிக்கடி போய் வருகிறார்கள்? மீதியைத் தெருவே செய்துகொள்ளும். வீட்டில் அப்பா அம்மா என்ன பேசுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் அன்பாக விசாரிப்பார். பிறகு ஏதாவது எரியும், அல்லது உடையும். யார் செய்தது என்று எவரும் கேட்கமாட்டார்கள், ஏற்கனவே பதில் தயாராக இருக்கும்.

இதற்கு நடுவே அந்தப் பக்கத்தவர்கள் சண்டை வேண்டாமென்று ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்பார்கள். அதுதான் பெரிய தப்பு. பசி தீராது, கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, உன்னைத் தொட்டால் நானும் வருவேன் என்று வாக்குக் கொடுத்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு சின்னத் தீக்குச்சி போதும். ஒருவருக்கும் போர் வேண்டாம், ஆனால் எல்லோரும் வாக்குக் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரும் அப்படித்தான் வந்தது.

வசந்தாமணி வீட்டில் நீல விளக்கு இருக்கிறதா? அவளுடைய அக்கா ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதாக ஒரு முறை எழுதியிருந்தாயே.

அவளிடம் கொஞ்சம் பேசு, விஷா.

உன் மாளு


ரவுண்ட் ராக்
ஆகஸ்ட் 17, 2025

அன்புள்ள மாளு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே எல்லோருக்கும் நிறைய வேலை.

வசந்தாமணி வீட்டில் விளக்கு இல்லை. அவள் கணவர் மாரிசாமி, எங்க ஊட்டு லைட்ட நாங்க போட்டுக்குறோமுங்க என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் தெரு நீலமாகும்போது அந்த ஒரு வீடு மட்டும் பல் விழுந்த இடம் போலத் தெரிகிறது. முன்பெல்லாம் அதை நான் கவனித்ததே இல்லை. இப்போது அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

சபரி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "தினமும் ஓடைப் பாலம் தாண்டிப் போறவங்க என்ன எடுத்துட்டுப் போறாங்க?" என்று கூட்டத்தில் கேட்டார், அவ்வளவுதான். அவள் அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறாள், எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ஜூலையில் அந்தப் பக்கத்துக்காரர்கள் டென்னிஸ் கோர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சபரி அந்தக் காகிதத்தை உயர்த்திக் காட்டினார். இனி நிம்மதி என்று ராமசுப்ரமணியன் அங்கிள் கேசரி கிண்டிக் கொடுத்தார். மறு வாரமே நீச்சல் குளமும் நம்முடையதுதான் என்று தீர்மானம் போட்டோம். மேற்கே இருக்கும் இரண்டு காலனிகள் எங்களோடு கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தோடும் இரண்டு காலனிகள் சேர்ந்திருக்கின்றனவாம். அங்கிள் ஏதோ ஆட்சேபித்திருக்கிறார் போலிருக்கிறது. இப்போது அவர் ட்ரெஷரர் இல்லை. வெளியே வருவதும் இல்லை.

போன வாரம் இருட்டும் நேரத்தில் பாலத்தின் மரக் கைப்பிடி எரிந்தது. பெரிய சேதம் இல்லை. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பி வசந்தாமணி வீட்டைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அவள் ஜன்னலில் நின்றிருந்தாள்.

ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவாய். உன் கடிதங்களைச் சபரி மிகவும் ரசித்தார். மார்ச் கடிதம் வந்த நாள் அவர் சுஹாஸைப் பார்க்க வந்திருந்தார், வேடிக்கையாகப் படித்துக் காட்டினேன். ஒரு முறை கேட்டுவிட்டு, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நீல விளக்கு யோசனை அன்றுதான் அவருக்கு வந்ததாம். ஜூன் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய் நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க ஃப்ரெண்ட் ரொம்பத் தெளிவா எழுதறாங்க," என்றார். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

அடுத்து என்ன, மாளு? அவரும் கேட்கிறார்.

விஷா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஆகஸ்ட் 24, 2025

விஷா,

சபதத்தை உடைத்து உனக்கு எத்தனை முறை போன் செய்தேன் தெரியுமா? ஒரு முறைதான் எடுத்தார்கள். மதி. "அம்மா நலமாக இருக்கிறார்கள்," என்று சொல்லி வைத்துவிட்டாள். மதி கண்ணா, மாளு ஆன்ட்டிடா என்றேன். வைத்துவிட்டாள்.

நான் ஜோசியம் சொல்லவில்லை. நான் சொன்னதை ஒருவன் செய்துகொண்டிருக்கிறான். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, வருஷா வருஷம் பலகையில் எழுதும் அதே பாடத்தை இனி எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. இதைத் திட்டித்தான் எழுதுகிறேன், உன்னையும் என்னையும் சேர்த்து.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போடு.

அடுத்து என்ன என்று கேட்டாய். அடுத்தது நீ. அடுத்த மாதம் நவராத்திரி. வசந்தாமணி கொலு வைப்பாள், உன்னையும் அழைப்பாள். தெருவில் அத்தனை பேரையும் அழைப்பாள், ஒருத்தியும் போகமாட்டாள். நீ போ. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க நடந்து போ. உனக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது ஒரு தெரு. ஒரு வாய் சுண்டலைத் தின்று, குங்குமம் வாங்கிக்கொண்டு, தாம்பூலத்தோடு திரும்பி வா. சண்டை போட வேண்டாம், கூட்டத்தில் பேச வேண்டாம். கொலுவுக்கு அழைத்தார்கள், போனேன். இதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? மதியையும் கூட்டிக்கொண்டு போ.

நீ ஒருத்தி போனால் மறுநாள் இன்னொருத்தி போவாள். எங்கும் அப்படித்தான். முதலில் ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி இல்லாத ஊர்களின் கதையைத்தான் நான் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஹாஸ்டலில் வார்டன் என்னை வெளியே நிறுத்தியபோது நீயும் வந்து பக்கத்தில் நின்றாயே, நான் என்ன தப்பு செய்தேன் என்றுகூடக் கேட்காமல். அந்த விஷாவுக்குத்தான் எழுதுகிறேன்.

மாளு


ரவுண்ட் ராக்
அக்டோபர் 5, 2025

அன்புள்ள மாளவிகா,

நாங்கள் அனைவரும் நலம். உங்கள் வீட்டிலும் நலமே விளைக.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. வீட்டில் எதையும் மறைப்பது எங்களுக்குப் பழக்கம் இல்லாமல் போய்விட்டது.

வசந்தாமணி அழைக்க வந்தாள். குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். "கண்டிப்பா வரோணுமுங்க," என்றாள். வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

முதல் நாள் சாயங்காலம் நீ சொன்னபடியே அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டேன். தட்டில் ஆப்பிளும் வெற்றிலையும் ரவிக்கைத் துணியும் வைத்தேன். கதவைத் திறந்தேன். எதிரே அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. படிகளில் பொம்மைகளும் சின்ன மஞ்சள் விளக்குகளும் வாசல்வரை தெரிந்தன. அவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, காலி ஜமக்காளத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்தே நின்றுவிட்டாள்.

நான் ஒரு படி இறங்கினேன். என் தலைக்கு மேலே இருந்த நீல விளக்கு அணைந்தது. தெருவில் மற்ற எல்லா விளக்கும் எரிந்தன. என்னுடையது மட்டும்.

பின்னால் மாடிப்படியிலிருந்து மதி கேட்டாள்: "எங்கே போகிறீர்கள், அம்மா?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். சனிக்கிழமை வகுப்பில் சொல்வதற்காக. சுஹாஸ் சோபாவில் உட்கார்ந்து வெஸ்ட்டின் ஜிப்பையே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, மாளு. ஒரு தெருதான், நீ சொன்னது சரி. நான் திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். விளக்கு உடனே எரிந்தது. அந்த வெளிச்சம் கண்ணாடி வழியாகக் கூடத்தில் விழுந்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

மற்ற நாட்களிலும் அவள் கதவு திறந்தே இருந்தது. ஒருவரும் போகவில்லை. விஜயதசமிக்கு மறுநாள் பார்த்தால் வீடு காலி. அக்கா வீட்டோடு போய்விட்டார்களாம். எங்கள் வாசலில் ஒரு டப்பா நிறையச் சுண்டலும் ஒரு பொட்டலம் குங்குமமும் இருந்தன. சுஹாஸ் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் குப்பையில் போட்டார்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை குளத்தை மீட்கப் போகிறோம். இருட்டும் நேரத்தில் எல்லோரும் கையில் விளக்கோடு பாலத்தைத் தாண்டுகிறோம். எங்களோடு சேர்ந்த காலனிகளும் வருகின்றன. அந்தப் பக்கத்திலும் ஆட்கள் சேர்ந்து நிற்பார்களாம். பிள்ளைகள் முன்னால் நடப்பார்கள். பிள்ளைகள் முன்னால் இருந்தால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள் என்று சபரி சொல்கிறார். முதல் விளக்கு மதியின் கையில். எல்லோரும் என்னை வாழ்த்துகிறார்கள்.

சபரி உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்தக் காலத்தில் அவர்கள் எல்லாவற்றையும் இவ்வளவு நன்றாகச் செய்தும் கடைசியில் தோற்றுப்போனார்களே, எங்கே தவறினார்கள்? அதை மட்டும் விவரமாக எழுதவும்.

இப்படிக்கு,
விசாகா சுஹாஸ்

மாளவிகா ஆன்ட்டிக்கு வணக்கம். நாங்கள் நலமாக இருக்கிறோம்.
வான்மதி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
அக்டோபர் 11, 2025

என் விஷா,

பூனை எங்கே?

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வணக்கம். பூனை இல்லை. ஃப்ரிட்ஜில் பழைய பூனை இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அழுதேன், உன் கடிதத்தைப் பார்த்து அழவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துப் பயந்தேன்.

நீ கதவைச் சாத்தியதற்கு உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. அந்த வாசலில் நான் நின்றிருந்தால் இறங்கியிருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு போ போ என்று எழுதுவது சுலபம். ஆறுதலாக இருந்தது என்று எழுதினாயே, அந்த ஒரு வரியில் மட்டும் நீ இருந்தாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சபரி, இதை நீங்களும் வாசிக்கிறீர்கள் என்று தெரியும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். பல வருஷமாகப் பரீட்சையில் கேட்கும் கேள்விதான். எழுதமாட்டேன். என்னிடமிருந்து உங்களுக்கு இனி ஒரு வரியும் கிடையாது.

விஷா, மற்றது உனக்கு. வசந்தாமணியின் அக்கா நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வசந்தாமணியும் அங்கேதான் இருந்தாள், உன் மேல் அவளுக்குக் கோபமில்லை. "பட்டுப்பொடவ கட்டீட்டு ஒரு படி எறங்குனாங்க, நான் பார்த்தேனுங்க," என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். எங்களை அங்கேயே வந்து தங்கச் சொல்லியிருக்கிறாள். கௌசிக்கும் நானும் வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டில் வருகிறோம்.

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் நான் பாலத்தின் அந்த முனையில் நிற்பேன். எனக்குப் பின்னால் யார் யார் கையில் என்னென்ன இருக்கும் என்று தெரியவில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை. அவர்களுக்கு முன்னால் நிற்பேன். மதியை முன்னால் நிறுத்தாதே. நிறுத்தினால், விளக்கைத் தூக்கியதும் அவள் கண்ணில் முதலில் படப்போவது நான்தான்.

வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா, அப்போது ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று? அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவே இல்லை; சிரிப்பதற்கும் முதலில் ஒருத்தி வேண்டும். கடையிலிருந்து ஒரு பெரிய வெள்ளை அட்டை வாங்கி வந்திருக்கிறேன். நேற்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதில் பூனை வரைகிறேன். கண்ணாடி போட்ட குண்டுப் பூனை. எனக்கு வரையவே வராது என்று உனக்குத் தெரியும். காது இரண்டும் கொம்பு மாதிரி வந்திருக்கிறது. கௌசிக் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன் என்கிறார்.

அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறேன். மதி பார்க்கட்டும். பார்த்துச் சிரித்தால் போதும் எனக்கு.

நீ அவளுக்குப் பின்னால்தானே வருவாய். வா.

உன்
மாளு